பாதியில் நின்ற பாவமன்னிப்பு

இது நடந்தது. தேவாலாவுக்கு மேலே, இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடி மழையில் நடந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நடந்த நேரம் நடுராத்திரி இல்லை, சாயங்காலம் நாலு மணி. அனுபவித்தவர் குடிகாரர் இல்லை, பங்குச் சாமியார் மரியசூசை. அவர் தன் வாயால் சொன்னதையும், அவருக்குச் சமைத்துப்போடும் மெட்டில்டா சொன்னதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதியிருக்கிறது. எதையும் கூட்டவில்லை. ஒன்றை மட்டும் குறைத்திருக்கிறது. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

ஃபாதர் மரியசூசைக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. வெள்ளரிப்பாறை எஸ்டேட்டைப் புதிதாக வாங்கியவர்கள், சிலோனிலிருந்து வந்து நாற்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்த கிழவிகளை லயம் என்கிற வரிசை வீடுகளைவிட்டுக் கிளம்பச் சொன்னார்கள். ஃபாதர் குறுக்கே நின்றார். மனு எழுதினார், கோர்ட்டுக்குப் போனார். அதோடு அவர் நிம்மதி போயிற்று. கோயில் கண்ணாடிகள் உடைந்தன. எஸ்டேட் ஆபீசைத் தாக்க ஆட்களைத் தூண்டினார் என்று பொய்க் கேஸ் விழுந்தது. பிப்ரவரியில் நாலு பேர் வழிமறித்து அடித்தார்கள். புருவத்துக்கு மேலே ஐந்து தையல். மறுநாளே தலையில் கட்டோடு பூசை வைத்தார், அடித்தவர்களுக்காகச் செபமும் சொன்னார். கோயிலே அழுதது. எங்க சாமி சிங்கம் என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார்கள்.

சிங்கத்துக்குள் என்ன ஓடியது என்று யாருக்குத் தெரியும்? மார்ச்சில் ஒருநாள் அந்த ஆட்களின் பச்சை ஜீப் கோயில் வாசலில் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. எஞ்சினை அணைக்கவும் இல்லை. முக்கால் மணி நேரம் உறுமிக்கொண்டே நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அவ்வளவுதான். அடி விழுந்தபோது வராத பயம், அடி விழாத அன்று வந்தது. அதிலிருந்து ஜீப் சத்தம் கேட்டாலே அவர் கால் தானாகச் சக்ரீஸ்துக்குப் போகும். சக்ரீஸ்து என்பது பீடத்துக்குப் பின்னால் பூசை உடுப்பு வைக்கிற சின்ன அறை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சத்தம் அடங்கும்வரை இருட்டில் நிற்பார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சிங்கம் என்று பெயர் வாங்கியவர் எப்படிச் சொல்வார்?

அன்று சனிக்கிழமை. சனிக்கிழமை நாலு மணிக்குப் பாவசங்கீர்த்தனம், அதாவது வருகிறவர்கள் சொல்லும் பாவ அறிக்கை, கேட்பது வழக்கம். மூன்று நாளாக விடாத மழை. கரண்ட் இல்லை. மெட்டில்டா மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டாள். மூடுபனி கோயிலுக்குள்ளேயே வந்து பெஞ்சுகளுக்கு நடுவில் நின்றது. யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும் ஃபாதர் ஊதா ஸ்டோலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள், அந்தத் திரை போட்ட மரக்கூண்டுக்குள், உட்கார்ந்தார். அந்த விஷயத்தில் அவர் ஒழுங்கானவர். பதினெட்டு வருடத்தில் ஒரு சனிக்கிழமை தவறியதில்லை.

நாலு பத்துக்கு ஓர் ஆள் வந்து பக்கத்து முழங்கால் பலகையில் முட்டி போட்டான்.

சில விஷயங்களை ஃபாதர் பிறகுதான் யோசித்தார். அந்தக் கோயில் கதவைத் திறந்தால் பன்றி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அன்று வரவில்லை. பலகைத் தரையில் காலடி கேட்கவில்லை. வாசலில் சுருண்டு படுத்திருந்த நாய் எழுந்து, கொட்டுகிற மழையில் இறங்கிப் போனது.

நடுவில் இருந்த ஓட்டைப் பலகைக்கு அந்தப் பக்கம் ஈரக் கம்பளி வாடை. அதோடு, அப்போதுதான் தோண்டிய மண்ணின் வாடை.

குரலைக் கேட்டதும் ஆளைத் தெரிந்துவிட்டது. ராயப்பன். எஸ்டேட் வாட்சர். புது முதலாளிகளின் ஆட்களோடு சுற்றிக்கொண்டிருந்தவன். சமீபமாக அவர்களிடமிருந்து விலகிவிட்டான், கோர்ட்டில் உண்மையைச் சொல்லப்போகிறான் என்று லயத்தில் பேச்சு இருந்தது.

அவன் என்ன பாவத்தைச் சொன்னான்? ஃபாதர் இன்றுவரை சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் கழுத்தை அறுத்தாலும் சொல்லக் கூடாது. குறைத்திருக்கிறது என்றது இதைத்தான்.

அவன் சொல்லி முடித்து அழுதான். ஃபாதர் கையை உயர்த்தி மன்னிப்புச் செபத்தைத் தொடங்கினார். "உன் பாவங்களை..." என்பதுவரை வந்துவிட்டார்.

டர்ர்ர்ர்... கீழ் வளைவில் ஒரு ஜீப்.

ஃபாதரின் கை அந்தரத்தில் நின்றது. சத்தம் மேலே ஏறியது. செகண்ட் கியர். அதே முனகல். அதே ஜீப்.

அடுத்து நடந்தது அவருக்கே சரியாக ஞாபகமில்லை. ஞாபகம் வந்தபோது சக்ரீஸ்துக்குள் நின்றுகொண்டிருந்தார். தாழ்ப்பாள் போட்டிருந்தது. போட்டது அவர் கைதான். சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபத்திரண்டு.

டொக். டொக். டொக்.

"சாமி..."

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"மீதியச் சொல்லிட்டுப் போங்க சாமி."

திறந்தால் அவன் உள்ளே வந்திருப்பான். இரண்டு பேருக்கு அந்த அறையில் தாராளமாக இடம் இருந்தது. ஃபாதர் திறக்கவில்லை. மறுபடி மூன்று தட்டு. மறுபடி மூன்று. பிறகு ஒன்றுமில்லை. ஜீப் சத்தமும் இல்லை. அது தூரம் போய்த் தேயவில்லை. அறுத்ததுபோல் நின்றது.

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு வெளியே வந்தார். கோயிலில் யாருமில்லை. முழங்கால் பலகை முழுக்கச் செம்மண் சேறு. சேற்றில் தேயிலை வேர்த் துணுக்குகள். துடைத்துவிட்டார்.

ஞாயிறு பூசைக்கு லயத்துப் பாதையில் வந்தவர்கள், கீழ் வளைவில் மண் சரிந்து ரோடு அடைபட்டுவிட்டது என்றார்கள். ஜே.சி.பி. எல்லாம் பெரிய ரோட்டுச் சரிவுக்குப் போய்விட்டதால் இங்கே வர ஒரு வாரம் ஆகுமாம். ராத்திரி மழையில் விழுந்திருக்கும் என்று ஃபாதர் நினைத்துக்கொண்டார். ஒரு வாரம் ஜீப் வராது என்று தோன்றியதும் மனசு லேசானது. அப்படி லேசானதற்காக வெட்கமும் பட்டார்.

செவ்வாய்க்கிழமை ராயப்பன் மனைவி ஹன்னா வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"சாமி, சனிக்கிழம உங்ககிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணப்போறேன்னு வெளிக்கிட்டவரு இன்னும் வரல. இங்க வந்தாரா சாமி?"

கதவைத் தட்டினான், நான் திறக்கவில்லை என்று ஃபாதர் சொல்லியிருக்கலாம். கதவைத் தட்டியது பாவசங்கீர்த்தனத்தில் சேராது. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"பாவசங்கீர்த்தனத்துக்கு யார் வந்தா, யார் வரலைன்னு நான் சொல்லக் கூடாதும்மா."

அவள் அவர் கையை எடுத்து உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டுப் போனாள். அன்று மாலை லயத்தில் அதுதான் பேச்சு. அவ்வளவு அழுதும் சாமி வாயைத் திறக்கல பாத்தியா, அதுதான் குருவானவர் என்றார்கள். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அதுவரை கனமில்லாமல் பயந்தவர், அன்றிலிருந்து கனத்தோடு பயந்தார். ஜீப்பில் வந்தவர்கள் ராயப்பனைக் கொண்டுபோய்விட்டார்கள், காட்டிக்கொடுத்தது நான்தான் என்று ராத்திரியெல்லாம் புரண்டார். போலீசுக்குப் போன் பண்ண எடுப்பார். வைத்துவிடுவார். சொன்னால் பூட்டிக்கொண்டு நின்ற கதையும் வெளியே வரும்.

அடுத்த சனிக்கிழமை.

மழை விட்டிருந்தது. பனி மட்டும். மெட்டில்டா பீடத்தில் மெழுகுவத்தித் தண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மனுஷ வாசனை இருந்ததால் ஃபாதர் கொஞ்சம் தைரியமாகவே தொட்டிக்குள் உட்கார்ந்தார்.

நாலு பத்து.

கதவு கத்தவில்லை.

ஈரக் கம்பளி வாடை. மண் வாடை.

முழங்கால் பலகை மெல்ல அழுந்தியது... க்ர்ர்க்.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தமே இல்லை. போன வாரமும் இருக்கவில்லை. அழுகைச் சத்தம் இருந்தது, மூச்சு இருக்கவில்லை. அது இப்போதுதான் உறைத்தது.

"மீதி, சாமி."

ஃபாதர் கையை உயர்த்தினார்.

டர்ர்ர்ர்...

ரோடு அடைபட்டுக் கிடக்கிறது. எப்படி வரும்?

சத்தம் ஏறியது. வளைவைத் தாண்டியது. வாசலுக்கு வந்தது. நின்று உறுமியது.

கால் எழப் பார்த்தது. அவர் இரண்டு கையாலும் உட்கார்பலகையைப் பிடித்துக்கொண்டார்.

காலடிகள். நாலு பேர். தொட்டியை நோக்கி.

ஓடிவிடு என்றது உடம்பு.

அவர் ஓடவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முதலிலிருந்து செபத்தைச் சொன்னார். குரல் உடைந்தது. நிறுத்தவில்லை. காலடிகள் திரைக்கு வெளியே வந்து நின்றன. நிறுத்தவில்லை. கடைசி வார்த்தைவரை சொன்னார்.

"ஆமென்" என்றது அந்தப் பக்கம்.

பிறகு... அமைதி.

கண்ணைத் திறந்தார். திரையை விலக்கினார். யாருமில்லை. நாலு இருபத்தைந்து.

மெட்டில்டா துணியும் கையுமாக அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க சாமி, யாருகூடப் பேசிட்டிருந்தீங்க?"

"ஜீப் சத்தம் கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கலீங்களே. அந்தப் பலகைக்கு யாருமே வரலீங்க."

ஆறு மணிக்கு லயத்திலிருந்து ஆள் ஓடிவந்தது. கீழ் வளைவில் ஜே.சி.பி. மண்ணை அள்ளும்போது ஓர் உடல் கிடைத்திருக்கிறது. ராயப்பன்.

ஃபாதர் நடந்தே இறங்கினார். போகிற வழியெல்லாம் ஒன்றைத் தீர்மானம் பண்ணிக்கொண்டு போனார். பாவசங்கீர்த்தனத்தைச் சொல்லக் கூடாது. ஆனால் தன் பாவத்தைச் சொல்லலாம்.

சேற்றில் தார்ப்பாய் விரித்துப் படுக்கவைத்திருந்தார்கள். பக்கத்தில் ஹன்னா. சுற்றி முப்பது நாற்பது பேர். அத்தனை பேர் முன்னாலும் அவர் அவளிடம் சொன்னார்.

"ஹன்னா, போன சனிக்கிழமை ராயப்பன் கோயிலுக்கு வந்தான். நாலு இருபத்திரண்டுக்குச் சக்ரீஸ்துக் கதவைத் தட்டினான். ஜீப் சத்தம் கேட்டுப் பயந்துபோய் நான் திறக்கல. அவங்க கையில விட்டுட்டேன். நான் கோழை. உங்ககிட்டயும் மறைச்சுட்டேன்."

ஜே.சி.பி. ஓட்டி வந்த வெற்றிச்செல்வன் எஞ்சினை அணைத்துவிட்டான். கடைசியில் ஃபீல்டு சூப்பர்வைசர் சுரேஷ்தான் தயங்கித் தயங்கி முன்னே வந்தான்.

"சாமி... நாலு மணியா சொல்றீங்க?"

"ஆமா."

"இந்த மண்ணு சரிஞ்சது அன்னிக்குக் காலையில பத்தே காலுக்குங்க. டீ குடுக்குற நேரம். நாங்க எல்லாரும் அந்தப் பக்கத்து மலையில நின்னு பாத்தோம், ரோட்டுல ஆள் இருந்தது பனியில தெரியல. அப்பறம் இந்த வழியா ஒரு சைக்கிள்கூட மேல ஏறல." அவன் தார்ப்பாயைப் பார்த்தான். "இவரு அடியிலயே, ரோட்டு மேலயே கெடந்தாரு சாமி. மேல மண்ணு பத்தடிக்கு இருந்துச்சு. காலையிலயே கெளம்பிக் கோயிலுக்குப் போற வழியில அப்பிடியே மூடியிருக்கு."

ஃபாதர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்படியென்றால் ஜீப் வரவில்லை. கொலைகாரர்கள் வரவில்லை. எதற்குப் பயந்து ஓடினோம் என்று அவருக்குப் புரியவில்லை. உடல் எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று மட்டும் கேட்டார்.

"நாலு இருபத்தஞ்சுங்க," என்றான் வெற்றிச்செல்வன்.

ஹன்னா அப்போதுதான் தலையைத் தூக்கினாள். அவள் கத்தவில்லை, சபிக்கவில்லை. புருஷன் நெற்றியில் இருந்த மண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"செத்தப்பறமும் இவரு உங்கள நம்பி நடந்து வந்திருக்காரு சாமி. நீங்க உசுரோட இருந்தும் கதவத் தொறக்கலியே."