கடல்குதிரைக்குப் பேறுகாலம்

தொட்டியக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று கேட்டால் வாசலில் டிக்கெட் கிழிப்பவரே திருதிருவென்று விழிப்பார். கடற்கரைச் சாலையிலுள்ள சின்ன மீன் காட்சியகத்தில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவள் என்பதால் தொட்டியக்கா. வந்ததும் கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டுவாள், மோட்டார்களின் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்பாள், பிறகு ஒவ்வொரு தொட்டியாக உப்பை அளப்பாள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய முப்பத்தைந்து கிராம் உப்பு. அது கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அவள் முகம் மாறிவிடும். மருமகளிடம்கூட அவள் இவ்வளவு கறாராக இருந்ததில்லை.

அவள் கணவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தங்கமான மனிதர்தான், ஆனால் ஒரு குறை. மகன் பிறந்த அன்று வெளியூர் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு ஏதோ மலைப்பாதையில் இருந்தார். அந்த மகனுக்கே இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் பால் பொங்கி வழிந்தாலும் சரி, குடை தொலைந்தாலும் சரி, அவள் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்பாள்.

"புள்ள பொறந்தப்பவே பக்கத்துல இல்லாத மனுஷன்தானே நீங்க!"

அவர் சிரித்து மழுப்பிவிடுவார். அந்தச் சிரிப்புக்கு அடியில் என்ன இருக்கிறதென்று அவள் கேட்டதில்லை.

காட்சியகத்தில் அவளுக்குச் செல்லம் கடல்குதிரைத் தொட்டி. அந்த இனத்தில் பிள்ளை சுமப்பது ஆண். பெண் தன் முட்டைகளை அதன் வயிற்றுப் பையில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். இந்த ஏற்பாட்டைப் பார்வையாளர்களுக்கு விளக்கும்போது தொட்டியக்காவின் குரலில் வரும் குஷி இருக்கிறதே, கூட வந்த கணவன்மார்கள் எல்லாம் கூரையைப் பார்ப்பார்கள். ஆனால் அந்த ஆணின் பை இரண்டு தடவை உப்பி, இரண்டு தடவையும் ஒன்றுமில்லாமல் சுருங்கிவிட்டது. இரண்டாம் தடவை அவள் மோட்டார் அறைக்குள் போய் அழுதாள். இப்போது மறுபடியும் பை உப்பியிருந்தது. இந்த முறை எப்படியாவது குஞ்சுகளைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவள் தவம் கிடந்தாள்.

அந்த நேரம் பார்த்து அவளுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. இரண்டு வாரம் குனியக் கூடாது, வேலைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணவர் மார்தட்டிக்கொண்டு முன்வந்தார். காட்சியக மேலாளரும் சரியென்றார்.

"தீனி அலமாரியில இருக்கு. தொட்டியில கோடு போட்டிருக்கேன். தண்ணி அதுக்குக் கீழ எறங்கினா ஊத்தி நெரப்பணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? பிரேக் சரியில்லாத பஸ்ஸையே மலையிலேருந்து எறக்கினவன்மா நான்!"

எந்தத் தண்ணீர் என்று அவள் சொல்லவில்லை. வருடக்கணக்காகச் செய்கிற வேலை, அது சொல்லவேண்டிய விஷயமாகவே அவளுக்குத் தோன்றவில்லை. தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் நீர்தான். உப்பு அப்படியே தங்கிவிடும். அதனால் குறைந்ததை நிரப்ப உப்பில்லாத தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். அதற்கென்றே மூலையில் ஒரு நீல டிரம் நிற்கிறது.

டிரைவர் அந்த டிரம்மைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். கடலில் பிறந்த ஜீவனுக்கு இந்தச் சப்பென்ற தண்ணீரா? அதுவும் வயிற்றுப்பிள்ளைக்காரனுக்கா? சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு தினமும் கரைக்குப் போனார். புத்தம்புதுக் கடல்நீரை மொண்டு வந்து, துணியில் வடிகட்டி, பயபக்தியோடு ஊற்றினார். கோடை காலம், ஜன்னலோரத் தொட்டி. நீர் மளமளவென்று இறங்க, அவரும் மளமளவென்று நிரப்பினார்.

கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்குத் திரும்பிய தொட்டியக்கா முதல் வேலையாக உப்பளக்கும் கண்ணாடி மிதவையைத் தொட்டியில் விட்டாள். உப்பு ஏற ஏற நீர் கனக்கும், கனத்த நீர் மிதவையை மேலே தள்ளும். மிதவை ஒருநாளும் இல்லாத உயரத்துக்குத் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. கடல்குதிரையோ அடியில் செடியைப் பற்றிக்கொண்டு அசையாமல் கிடந்தது. தீனி போட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னங்க ஊத்துனீங்க இதுல?"

"கடல்தண்ணிதான்! தெனமும் புதுசு!" பாராட்டை எதிர்பார்த்து அவர் நிமிர்ந்து நின்றார்.

"ஐயோ, உப்பு மேல உப்பக் கொட்டியிருக்கீங்களே! அன்னைக்கிப் பக்கத்துல இல்ல. இன்னைக்கிப் பக்கத்துலயே இருந்து..."

அவர் முகம் வாடிப்போனதைப் பார்த்து அவள் பாதியில் விட்டாள்.

"அதுக்குத்தாம்மா சொமந்துட்டு வந்தேன்," என்றார் அவர் மெதுவாக. "இந்தப் பிரசவத்துக்காவது கூட இருந்து நல்லபடியா பாத்துக்கணும்னு."

இத்தனை வருடம் வேடிக்கை என்று நினைத்து எதைக் குத்திக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மனசு என்னவோ செய்தது.

"நானும்தான் எந்தத் தண்ணின்னு சொல்லல. அந்த டியூப எடுங்க, வேலையப் பாப்போம்."

உப்பை ஒரேயடியாகக் குறைத்தாலும் அதன் உடம்பு தாங்காது. தொட்டியிலிருந்து ஒரு குவளை எடுத்துவிட்டு, டிரம் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இன்னும் குனியத் தயங்கியவள் நின்றபடி சொல்ல, ஒன்றும் தெரியாதவர் குனிந்து செய்தார். நாலைந்து நாள் டியூபைப் பிடித்தபடி அவர் தொட்டியோடு பேசிக்கொண்டே இருந்தார். "பயப்படாதடா, நான் இருக்கேன்ல?" மிதவை மெல்ல மெல்ல இறங்கியது. கடல்குதிரை செடியை விட்டு மேலே வந்து தீனி தின்றது. அன்று இரண்டு பேருக்கும் சாப்பாடு அமிர்தமாக இறங்கியது.

ஒரு நாள் விடிந்ததும் இருவரும் கதவைத் திறந்து உள்ளே போனார்கள். அவள் மோட்டாரைக் கவனிக்கப் போனாள்.

"ஏம்மா! ஓடி வா! மொதல்ல நான்தான் பாத்தேன்!"

கடல்குதிரை உடம்பை முன்னும் பின்னும் மடித்து மடித்துத் தள்ளியது. ஒவ்வொரு தள்ளலுக்கும் சீரகம் சீரகமாகக் குஞ்சுகள் சிதறி வந்தன. இம்மியளவு உடம்பு, அதற்குள் சுருட்டிய வால்! தொட்டியக்கா கைதட்டிச் சிரித்தாள். டிரைவர் அப்போதே மகனுக்கு போன் போட்டார்.

"டேய், உனக்குத் தம்பி தங்கச்சி பொறந்திருக்குடா! நூத்துக்கணக்குல!"

போனைப் பையில் போட்டவர் தொட்டிமேல் குனிந்தார். அப்படியே தோள் குலுங்கியது. மூக்கு நுனி வரை கண்ணீர்.

"இந்தத் தடவ கூடவே இருந்தேன்ல?" என்றார்.

"இருந்தீங்க," என்றாள் அவள். அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "கொஞ்சம் தள்ளி நின்னு அழுங்க. இப்பத்தான் உப்பக் கொறச்சிருக்கேன்."