கருப்பு பானட்டில் தீர்த்தம்

டெல்ஃபின் மஸூர் தன் காருக்குப் பக்கத்தில் போகுமுன் மோதிரத்தைக் கழற்றிவிடுவாள். கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி, உலோகப் பொத்தான் வைத்த கால்சட்டை எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட வேண்டும். பொத்தான் இல்லாத பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வெறும் கழுத்தும் வெறும் கையுமாக அவள் பின்சந்துக் கார் ஷெட்டுக்கு நடந்தால், ஹாம்ட்ராமிக் ஊரில் அந்தத் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடும். அன்றைக்கு இனி அவளை எதற்கும் கூப்பிட முடியாது.

கார் கருப்பு. இருபத்தைந்து குளிர்காலம் பார்த்த நாலு கதவுப் பெரிய கார். சாலையில் கொட்டும் உப்பு இந்த ஊரில் இதைவிடப் பாதி வயசு வண்டிகளைக் கூடச் சல்லடையாக்கிவிடும். அவள் காரின் பானட்டிலோ, சந்தில் போகும் மின்கம்பிகளை எண்ணிப் பார்க்கலாம்.

ஊர் ஓரத்துக் கார் தொழிற்சாலையில் அவள் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள். பெயிண்ட் பிரிவில் சரிபார்க்கும் கடைசி ஆள். இரண்டு பக்கமும் குழல் விளக்கு எரியும் இடத்தில், நிமிஷத்துக்கு ஒரு வண்டி வரும். மெல்லிய உறை போட்ட கையை ஓட்டிப் பார்ப்பாள். கடுகில் பாதி அளவு தூசு பெயிண்டுக்குள் சிக்கியிருந்தாலும் கை நின்றுவிடும். சாக்குக் கட்டியால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாள். ஒரு மார்ச் மாதம் காலை பத்தரைக்கு இந்தக் கார் வந்தது. பானட்டில் கை ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. சந்தேகப்பட்டு இரண்டாம் முறையும் ஓட்டினாள். வட்டம் போட ஒன்றுமே இல்லை. சர்வீஸ் முழுக்க அப்படி ஒரே ஒரு பானட்தான் அவளுக்குக் கிடைத்தது. வண்டி எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு போய், தொழிலாளர் சலுகையில் அதையே வாங்கிவிட்டாள்.

அவள் தம்பி மனைவி ஐரீனுக்கு இது புரிந்ததே இல்லை. ஐரீனின் வேன் வெள்ளி நிறம். அதை மழைதான் கழுவும்.

"கருப்புக் காரு வாங்குறதும் மாமியாரைக் கூட வச்சுக்கிறதும் ஒண்ணு டெல். ஒரு நாள் கவனிக்கலைன்னாலும் ஊருக்கே தெரிஞ்சிடும்" என்பாள்.

அதில் பாதி உண்மைதான். வெள்ளி நிறம் எதையும் மறைத்துக்கொள்ளும். கருப்பு எல்லாவற்றையும் சொல்லிவிடும். அழுக்குத் துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும், வெயிலில் நிறுத்தும்போது சிலந்தி வலைபோல வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். அந்தக் கீறலை எடுக்க பாலிஷ் போட வேண்டும். பாலிஷ் என்றால் எதையும் பூசுவதல்ல. இருப்பதில் கொஞ்சம் சீவி எடுப்பது. மொத்தப் பெயிண்டும் நம் தலைமுடி ஒன்றின் கனம்தான். அதில் எத்தனை தடவை சீவலாம்? இந்தக் கணக்கு தெரியாமல் மெஷினை வைத்துத் தேய்த்து, வாரா வாரம் பளபளப்பைப் பார்த்து மகிழ்ந்து, ஒருநாள் அடிப்பூச்சு தெரிய நின்றவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவளிடம் கனம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று உண்டு. பானட் இப்போது எண்பத்து நாலு மைக்ரான். எண்பதுக்குக் கீழே போனால் மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சு வெயிலில் உரிய ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு புதுப் பெயிண்ட்தான். பெயிண்ட் அடித்துத் தர ஊரில் பத்துக் கடை இருக்கிறது. ஆனால் அது இந்த பானட்டாக இருக்காது.

எண்பத்து நாலுக்கு இறங்கிய கதையில்தான் கோயில் வருகிறது.

ஜூலை கடைசி ஞாயிறு, புனித கிறிஸ்தோபர் திருநாளை ஒட்டி, பத்து மணிப் பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் கார்களை மந்திரிப்பார்கள். பயணம் போகிறவர்களுக்கு அவர் காவல். பழைய பங்குச்சாமி இருந்த வரை கவலை இல்லை. சின்ன உலோகக் குழலை ஆட்டி, காருக்கு நாலு சொட்டு விடுவார். இரண்டு வருஷத்துக்கு முன் போலந்திலிருந்து வந்த ஃபாதர் லெஷெக் இளைஞர், கை நீளம். அவர் ஊர் வழக்கப்படி வைக்கோல் துடைப்பம் மாதிரி ஒன்றை வாளியில் முக்கி வீசுவார். ஜனங்களுக்கு அது பிடித்துப் போயிற்று.

முதல் வருஷம் வெயிலில் நின்ற அவள் பானட்டில் அந்தத் தீர்த்தம் காய்ந்து, தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு வெள்ளை வளையங்களாகப் பெயிண்டைத் தின்றுவிட்டது. வினிகர் போட்டுப் பார்த்தாள், போகவில்லை. பாலிஷ்தான் போட வேண்டியதாயிற்று. தொண்ணூற்றொன்று எண்பத்து நாலானது அப்போதுதான்.

மறு வருஷம் முழங்கால் வலி என்று சொல்லி வீட்டில் இருந்துவிட்டாள். அந்த அக்டோபரில் நெடுஞ்சாலையில் ஒரு மான் குறுக்கே பாய்ந்து, காருக்கு ஒரு சாண் முன்னால் நின்று அவளை முறைத்துவிட்டுப் போனது. மந்திரிக்கப் போகாததற்கு எச்சரிக்கையா, போகாதவளுக்கும் கிடைத்த காவலா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. குளிர்காலம் முழுக்க யோசித்து, இந்த வருஷம் போய்விடுவது என்று முடிவு செய்தாள். ஆனால் பானட்டும் பிழைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறுமுன் மெழுகு பூசினாள். முதலில் இரண்டு வாளி: ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் கையுறையை அலச வெறும் தண்ணீர். பிறகு பிசையும் களிமண் கட்டி ஒன்றால், கழுவியும் போகாமல் ஒட்டியிருந்த தூசுகளை உருட்டி எடுத்தாள். மெழுகை உள்ளங்கையில் வைத்து இளக்கி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லிசாகத் தடவினாள். கனமாகப் பூசுவது கற்றுக்குட்டிகளின் வேலை. மிச்சத்தையெல்லாம் துணிதான் சாப்பிடும். நடுவில் ஒரு துணி தரையில் விழுந்தது. அதை எடுத்து உதறக்கூட இல்லை, ஐரீன் வீட்டு அடுப்படிக்கு என்று ஓரமாகப் போட்டுவிட்டாள். ஐரீனிடம் அந்த மாதிரித் துணி ஒரு பெட்டி நிறைய இருக்கிறது.

நல்ல மெழுகில் ஒரு சங்கடம் உண்டு. தண்ணீர் பரவாது, முத்து முத்தாக நிற்கும். நிற்கிற முத்து காய்ந்தால் வளையம் இன்னும் ஆழமாக விழும். ஆகவே சனிக்கிழமை கடைக்குப் போய், பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு கேன் வாங்கிக்கொண்டு சாமியார் வீட்டுக் கதவைத் தட்டினாள். இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், நாளைக்கு இதை மந்திரித்தால் நன்றாக இருக்கும் என்று சுற்றி வளைத்துச் சொன்னாள். தன் காரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஃபாதர் லெஷெக் இரண்டு கேனையும் வாங்கி உள்ளே வைத்தார். "எந்தத் தண்ணியா இருந்தாலும் மந்திரிச்சா தீர்த்தம்தானே, டெல்ஃபினம்மா" என்றார். அன்று இரவு அவள் நன்றாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தொண்ணூற்று மூன்று டிகிரி. பள்ளிக்கூடச் சுவர் நிழலில் நிறுத்தலாம் என்று பார்த்தால், வண்டிகளை வரிசைப்படுத்தும் பெரியவர் ஒருவர் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். இவ்வளவு அழகான வண்டி பின்னால் நிற்கலாமா என்று அவளை முதல் வரிசைக்கே, நடு வெயிலுக்கு, அனுப்பிவைத்தார். பக்கத்தில் ஐரீனின் வேன்.

மேஜைமேல் வாளி. ஃபாதர் அவள் கொடுத்த இரண்டு கேனையும் அதில் ஊற்றினார். செபம் சொன்னார். பிறகு மேஜையிலிருந்த கிண்ணத்தை எடுத்து அதற்கும் ஒரு செபம் சொல்லி, ஒரு கை நிறைய அள்ளிச் சிலுவை அடையாளமாக வாளியில் போட்டார். உப்பு. பழைய முறை. அவருடைய ஊரில் உப்பில்லாமல் தீர்த்தமே கிடையாது. உப்பு வாளியில் கரைய, டெல்ஃபின் தன் பானட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

ஓடிப்போய்த் தடுக்க முடியுமா? இருநூறு பேர் பார்க்கிறார்கள். துடைப்பம் வாளியில் முங்கி எழுந்தது. முதல் வீச்சே அவள் பானட்டில், இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை. நாற்பது ஐம்பது முத்துகள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிச் சூரியன். ஃபாதர் சிலுவை போட்டுவிட்டு வேனுக்கு நகர்ந்தார்.

இந்தச் சூட்டில் இரண்டு நிமிஷம் தாங்கும் என்று அவள் கணக்குப் போட்டாள். ஓரத்து முத்து ஒன்று சுருங்க ஆரம்பித்திருந்தது; அதைச் சுற்றி நூல் மாதிரி வெள்ளைக் கோடு. கைப்பைக்குள் துணி இருந்தது. எடுத்தாள்.

தேய்க்கவில்லை. உப்பைத் தேய்ப்பது மணலைத் தேய்ப்பது மாதிரி. துணியை விரித்து, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் போடுவதுபோல பானட்டின்மேல் படுக்க வைத்தாள். அது குடிக்கும்வரை காத்திருந்து நேராகத் தூக்கினாள். பிறகு அடுத்த இடம். பிறகு அடுத்தது. பின்வரிசையில் எல்லோரும் எட்டிப் பார்ப்பது முதுகில் தெரிந்தது. கை மட்டும் அவசரப்படவில்லை.

"ஏய் டெல்" என்றாள் ஐரீன், தாழ்ந்த குரலில். "சாமி தெளிச்ச தீர்த்தத்தையா தொடைக்கிற?"

டெல்ஃபின் கடைசி முத்தையும் ஒற்றி எடுத்தாள். துணி கையில் சொட்டச் சொட்ட இருந்தது. தார்த் தரையில் பிழிந்துவிட முடியாது, அது பாவம். பைக்குள் திணிக்கவும் மனம் வரவில்லை. துணியை நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு கன்னத்தில், பின்கழுத்தில்.

"தொடைக்கலை. காருக்குக் குடுத்ததை நான் வாங்கிக்கிறேன்" என்றாள்.

ஐரீன் அந்த ஈரத்துணியையே பார்த்தாள். அவளுக்கும் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

ஃபாதர் லெஷெக் அதற்குள் திரும்பியிருந்தார். ஈரமில்லாத பானட்டைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், மேஜையடியில் கிடந்த இரண்டு காலிக் கேன்களைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

"உப்பு" என்றார்.

"ஆமா சாமி."

"நேத்தே சொல்லியிருக்கலாமே."

"சாமிகிட்ட வந்து காருக்காகக் கெஞ்ச வெக்கமா இருந்துச்சு."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. பானட்டுக்குமேல் குனிந்து, அதில் தெரிந்த தன் முகத்தையும் பின்னாலிருந்த கோயில் கோபுரத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இதைச் செய்ய எவ்வளவு நாளாகும் என்று கேட்டார். இருபத்தைந்து வருஷம் என்று அவள் உள்ளதைச் சொன்னாள்.

"நான் பாட்டுக்கு வீசிட்டுப் போயிட்டேன்" என்றவர், துடைப்பத்தை வாளிக்குமேல் பிடித்துக்கொண்டு, "சரி, ஆசீர்வாதம் காருல இருக்கணும்ல. எங்க தெளிச்சா தாங்கும்?" என்றார்.

அவளிடம் இதுவரை யாரும் கேட்காத கேள்வி. அவசரப்படாமல் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கதவுகள் வேண்டாம். பின்பக்க மூடி சுமார்தான். கடைசியில் தலையை நிமிர்த்தி மேலே காட்டினாள்.

"கூரையில போடுங்க சாமி. அங்க நூத்திப் பன்னெண்டு இருக்கு."

அந்த எண் என்ன என்று அவருக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் துடைப்பத்தை அடிவரை முக்கி, பானட்டில் ஒரு சொட்டு சிதறாமல், கூரையின் நடுவில் மெதுவாக உதறினார். ஐரீன் அவள் கையிலிருந்த துணியைக் கேட்காமலே வாங்கித் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வரிசை நகர்ந்தது. டெல்ஃபின் நகரவில்லை. கதவோரத்தில் நுனிக்காலில் நின்று, கூரையில் முத்துகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி வெள்ளை வளையமாக மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை கழுவிக்கொள்ளலாம். முழுக்கப் போகாவிட்டால் லேசாக ஒரு பாலிஷ். இரண்டு மைக்ரான் போகும். போகட்டும்.