படை எதுவும் வரவில்லை

மறுபடியும் சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறாள். திரையில் இருக்கும் பெண் சுவரைப் பார்த்தபடி நடந்துகொண்டே இருக்க, சோபாவில் இருக்கும் பெண் கையிலுள்ள வீடியோ கேம் கருவியைப் பஸ் ஸ்டியரிங் மாதிரி ஒடிக்கிறாள். “திரும்புடி! சொன்னா கேக்க மாட்டியா?” பக்கத்தில் கணவர், ஓய்வு பெற்ற கண்டக்டர், பழைய தொண்டையிலேயே கத்துகிறார்: “இடது கட்டைவிரல்! இடது, இடது... ஆங், போலாம் ரைட்!”

தெருவுக்கு அவள் கண்ணாடிக்கடை அம்மா. எதிரே வருகிறவர் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கேட்காமலே கழற்றி, காம்பை நிமிர்த்தி, துடைத்து மாட்டிவிட்டுத்தான் என்ன ஏது என்று விசாரிப்பாள். “இதைப் போட்டுக்கிட்டா ரோட்டைத் தாண்டினே? ஆயுசு கெட்டிதான் உனக்கு.” வேலை செய்யும்போது குட்டித் திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு பல்லிடுக்கால் பேசுவாள். பாதி புரியாது. இருந்தாலும் யாரும் மறு பேச்சுப் பேசுவதில்லை.

இவளுக்கும் வீடியோ கேமுக்கும் என்ன சம்பந்தம் என்றால், மகன். நல்ல வேலையை உதறிவிட்டு, கேமுக்குக் கதை எழுதப் போகிறேன் என்று வந்து நின்றவனை அவள் வெளியே தள்ளித் தாழ் போட்டாள். அன்றோடு பேச்சு அறுந்தது. அவன் எழுதிய முதல் கேம் அப்படித்தான் தொடங்கியது: கொட்டுகிற மழையில் ஒரு தாய் பையனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். கேம் ஓஹோவென்று ஓடியது. விளையாடியவர்கள் அந்தத் தாயை வாய் கூசாமல் திட்டி எழுதினார்கள். இவள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை; கணவர் ஆடும்போது ஓரக்கண்ணால் பார்த்ததோடு சரி.

இப்போது அதற்கு முன்கதை வந்திருக்கிறது. இதில் ஆடுகிறவர்தான் அந்தத் தாய். அப்பா பெயருக்குப் பார்சல் வந்தது. அம்மாவுக்கு ஒரு வரி இல்லை. தான் கதவைச் சாத்தியதற்கு அவன் என்ன காரணம் எழுதியிருக்கிறான் என்று தெரியாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையைப் பூட்டியதும் நேரே சோபாவுக்கு வந்துவிடுகிறாள்.

குறை சொல்ல அவளுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? “முன்னால வந்த கிழவன் எல்லாம் இதுல வாலிபனா வந்து தலையைக் காட்டிட்டுப் போறான். எதுக்கு? வேலைவெட்டி இல்லையா?” “ஒவ்வொருத்தனும் நிறுத்தி வெச்சு ஊர்க்கதை பேசறான். கண்ணால காட்டினா எனக்குப் புரியாதா?” முடிவு தெரிந்த கதைதானே என்று கணவர் சலித்துக்கொண்டபோது மட்டும் சீறினாள். “தெரிஞ்சதாலதாங்க பக்கு பக்குங்குது. அந்தப் பையன் சிரிக்கறப்பல்லாம் அந்தக் கதவுதான் கண்ணு முன்னால வந்து நிக்குது.”

திரையில் வரும் தாய் கடிகாரம் பழுது பார்ப்பவள். ஒருநாள் அவள் இரண்டு திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு பையனை அதட்டினாள். கண்ணாடிக்கடை அம்மாவின் விரல் தன் உதட்டைத் தொட்டது. “பாத்துக்கிட்டே இருந்திருக்கான்,” என்றாள்.

முடிவும் வந்தது. ஊருக்குள் படை நுழைகிறது. ஆண்பிள்ளைகளைத் தேடித் தேடி இழுத்துப்போகிறது. பையன் தப்பி ஓட வேண்டும், ஆனால் தாயை விட்டுப் போக மாட்டான். அதனால்தான் வெறுப்பதுபோல் நடித்து, வெளியே தள்ளிச் சாத்துகிறாள். கணவர் தேம்பி அழுதுவிட்டார்.

“பாத்தியா, புள்ள உன்னைப் புரிஞ்சுக்கிட்டான்.”

“படை எங்கங்க வந்துச்சு? நாலு பேர் என்ன சொல்லுவாங்களோன்னு பயம். எனக்குக் கோவம். அதுக்காகச் சாத்தினேன்.”

“விடேன். நல்லவிதமாத்தானே எழுதியிருக்கான். நல்லா இருக்குன்னு சொல்லிட்டா வீட்டுக்கு வருவான். கிளறினா அதுவும் போயிடும்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அவளுக்கும் அந்த ஆசைதான்.

ஞாயிறுதோறும் மகன் அப்பாவைக் கூப்பிடுவான். அவர் பால்கனியில் குசுகுசுப்பார். கூடத்தில் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு இவள் ஒட்டுக்கேட்பாள். இந்த ஞாயிறு மணி அடித்ததும் பால்கனிக்கே போய்ப் போனை அவரிடமிருந்து பிடுங்கினாள்.

“நான்தான் பேசறேன். முக்கால்வாசி நல்லா இருக்கு. கடைசில எதுக்குப்பா படையைக் கூட்டிட்டு வந்தே? யாரும் வரலையே. நானாத்தானே சாத்தினேன். அது தப்பு. அதைத் தப்புன்னே எழுதியிருக்கலாமே.”

கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மகன் போனை வைத்துவிடுவான் என்றே அவள் நினைத்தாள்.

“தெரியும்மா,” என்றான் மகன். “எல்லாரும் உன்னைத் திட்டினாங்க. என்னால தாங்க முடியல.”

அவள் பால்கனித் தரையிலேயே உட்கார்ந்தாள். வழக்கம்போல் தன் முறை வந்துவிட்டதென்று கணவர் போனுக்குக் கை நீட்டினார். அந்தக் கையைத் தட்டிவிட்டு, போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.