அதே வீடியோவைப் போடுங்க சார்

போன வாரம் ஓரகடத்தில் ஓர் இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். எனக்கு இல்லை... இந்த வயதில் எனக்கு யார் வேலை தருவார்கள்? பேக்கிங் வேலை கேட்டு வந்தவள் தேவி, சேரப்பணஞ்சேரிப் பெண்.

சொல்வதைப் புரிந்துகொள்ள தேவிக்குக் கூடுதல் நேரம் தேவை. ஆனால், புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவாள். முன்பு ஒரு கம்பெனியில் அப்படித் தலையாட்டியே ஒரே நாளில் வீட்டுக்குத் திரும்பியவள். இந்த வேலையும் கைவிட்டுப் போனால்? அம்மா ஷிஃப்டுக்குப் போனபின், பூட்டிய வீட்டில் டி.வி.தான் துணை.

அவளுடைய டீச்சர் என் தங்கை சுமதி; அவளுக்குத் துணையாகத்தான் நான் போனேன். மாற்றுத்திறனாளிகள் பயிற்சி மையத்தில் வேலை. காதால் கேட்டுச் செய்யப் பழக்க சுமதி கண்டுபிடித்த வழி — யூடியூப் சமையல் வீடியோ!

லேப்டாப் திரையைத் துண்டு போட்டு மூடிவிடுவாள். குரல் மட்டும்தான். கேட்டபடி எலுமிச்சை சாதம் கிளற வேண்டும். புரியவில்லையா? கையைத் தூக்கித் திரும்பப் போடச் சொல்ல வேண்டும். நெட் வேறு நின்று நின்றுதான் வரும். யோசிக்க நேரம் கிடைக்கிறதே என்று பிள்ளைகளுக்கு அதிலும் சந்தோஷம்.

இன்டர்வியூ எடுத்த சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர். பெட்டியில் முதலில் அட்டை, அதன் மேல் ரப்பர் வளையங்கள், கடைசியில் ஸ்டிக்கர் என்று கடகடவென ஒப்பித்தார்.

தேவி கையைத் தூக்கினாள். "திரும்பப் போடுங்க சார்."

எதைப் போடுவது என்று அவர் விழித்தார். சுமதி விளக்கினாள். மறுபடி சொன்னார் — இந்த முறை ஸ்டிக்கர் முதலில் வந்தது, அட்டை காணாமலே போனது.

மறுபடியும் கை உயர்ந்தது. "இது வேற வீடியோ சார். மொதல்ல ஓடிச்சே, அதையே போடுங்க."

சுமதி கண்ணை மூடிக்கொண்டாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். போச்சு, வேலை போச்சு.

அவரோ பழைய வீடியோவை நிதானமாகப் போட்டார். அவள் அடுக்கினாள். பெட்டியைத் திறந்து பார்த்தார். எல்லாம் சரி.

"புதுசா வாரவனெல்லாம் சரி சார், சரி சார்ங்கான். பெறவு பாத்தா எல்லாம் தப்பாக் கெடக்கு. இந்தப் பிள்ள ஒருத்திதான் திருப்பிக் கேக்கா. திங்கக்கிழமை வரச் சொல்லுங்க."

சுமதி அழுதுவிட்டாள். வீடியோ எப்போது போட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறது. நாம்தான் ஆளுக்கும் நேரத்துக்கும் தக்கபடி மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவருக்குக் காது இல்லை என்கிறோம்.

இந்தத் தத்துவத்தை வீட்டில் வந்து மனைவியிடம் அவிழ்த்துவிட்டேன். அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நம்ம வூட்ல கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரே வீடியோதான் ஓடிக்கினு கீது. கேக்கத்தான் ஆளில்ல."