என் மனைவிக்கு வராத நோய்கள்

ஒரே வருசத்தில் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது, மஞ்சள் காமாலை வந்தது, சிறுநீரகத்தில் கல் வந்தது, கடைசியில் வயிற்றில் ஆபரேஷனும் நடந்தது. இது எதுவும் அவளுக்குத் தெரியாது. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டில் இரண்டு மாட்டையும் கறந்துகொண்டு, என்னையும் திட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாள். அந்த நோய்கள் எல்லாம் கல்வராயன் மலையில், ஒரு பாறைமேல் நின்று நான் அவளுக்கு வரவழைத்தவை.

நான் ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவன். கணக்கு வாத்தியார் என் பேப்பரைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார், அவருக்கே வெட்கமாக இருந்திருக்கும். அப்படிப்பட்ட நான், போனில் ரம்மி விளையாட ஆரம்பித்த பிறகு, அடுத்து எந்தச் சீட்டு வரும் என்று மனக்கணக்கில் சொல்லிவிடலாம் என்று நம்பினேன். வந்த சீட்டெல்லாம் வேறு சீட்டு. அப்போதும் தப்பு சீட்டின்மேல்தான் என்று நினைத்தேன்.

கவலைப்படுவது எனக்குப் பிறவியிலேயே வந்தது. ஓட்டுவது குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி. நிறுத்தினால் ஹேண்ட்பிரேக்கை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். சக்கரத்துக்குக் கல் வைப்பேன். டீயைக் கையில் வாங்கிய பிறகு, அந்தக் கல் போதுமா என்று திரும்பி வந்து பார்ப்பேன். தொண்டை கரகரத்தால் புற்றுநோய், இடது கை மரத்துப்போனால் மாரடைப்பு. சீட்டு விளையாடும்போது மட்டும் இதெல்லாம் கிட்டே வராது. ஜெயிக்க ஆசைப்பட்டு விளையாடினேன் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில், அந்தப் பத்து நிமிசம் எனக்குச் சாகிற பயம் இல்லாமல் இருந்தது. அதற்கு விலையாக மனைவியின் கம்மல் போனது.

அவள்முன் கற்பூரத்தை அணைத்து இரண்டு தடவை சத்தியம் செய்தேன். இரண்டாவது சத்தியத்தின்போது உள்ளங்கை வெந்தது, அதைக் காட்டி அனுதாபம் தேடினேன். மூன்றாவது தடவை மாட்டிக்கொண்டபோது அவள் கற்பூரம் எடுக்கவில்லை. ஒரு பையில் நான்கு புடவையை மடித்து வைத்து, கொடியில் மாட்டினாள்.

“இன்னொரு தபா வெளாடினன்னு தெரிஞ்சிச்சி, தியாகதுருகத்துக்கு எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவேன். அப்புறம் கூப்புட வராத. வந்தாலும் வர மாட்டேன்.”

கையில் ஒரு பட்டன் போனைக் கொடுத்தாள். நானும் யோக்கியனாக, மலைக்குச் சரக்கு ஏற்றும் வேலையைக் கேட்டு வாங்கினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறிவிட்டால் பல ஊர்களில் டவர் கிடையாது. டவர் இல்லாத இடத்தில் ரம்மி எப்படி வரும்? மேலே போகும்போது மளிகையும் மாட்டுத் தீவனமும், இறங்கும்போது மரவள்ளிக் கிழங்கு. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பழைய டச் போனை மட்டும் வண்டி இருக்கைக்கு அடியில் துணி சுற்றி வைத்திருந்தேன். எதற்கு என்று என்னை நானே கேட்கவில்லை.

இரண்டாவது வாரமே அந்தப் பாறையைக் கண்டுபிடித்தேன். ஊருக்கு மேலே, சாமைக் கொல்லையை ஒட்டி இருக்கும். அதன் உச்சியில் ஒரு ஆள் நிற்கிற இடத்தில் மட்டும் டவர் கிடைக்கும். ஊர் முழுக்க அங்கே வந்துதான் போன் பேசும். ஒருவர் பேசி இறங்கினால் அடுத்தவர் ஏறுவார். எல்லாரும் கேட்கப் பேசவேண்டும் என்பதால் யாரும் அதிகம் பேசுவதில்லை. நான் மட்டும் ஏறினால் இறங்கமாட்டேன்.

ஒருநாள் ஆட்டம் நடுவில் இருக்கும்போது, நான் சரக்கு இறக்கும் வீட்டுக்காரர் கீழே வந்து நின்றார். சாமையும் மரவள்ளியும் போடுகிற விவசாயி, என் வயதுதான். சட்டென்று போனைக் காதில் வைத்துக்கொண்டேன். காதுக்குள் ஆட்டத்தின் கடிகாரம் டிக்டிக் என்றது.

“ஆங், டாக்டர் இன்னா சொன்னாரு? காய்ச்சல் கம்மி ஆச்சா?” என்றேன் கடிகாரத்திடம்.

“ஆஸ்பத்திரி விசயமாண்ணே?” என்றார் அவர்.

“வூட்ல சம்சாரத்துக்கு ஒடம்பு சரியில்லீங்க.”

“அப்ப நீங்க பேசுங்கண்ணே. நான் நிக்கிறேன்.”

நின்றார். வெயிலில் அரைமணி நேரம் நின்றார். நான் அந்த ஆட்டத்தில் தோற்றேன்.

அடுத்த வாரம் அவர் நலம் விசாரித்தபோது, சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பாறை போய்விடுமே. அதனால் காய்ச்சல் காமாலையானது. காமாலைக்கு அவர் கீழாநெல்லி பறித்துக் கொடுத்தார். அடுத்து வந்த சிறுநீரகக் கல்லுக்கு எதையோ வேரோடு பிடுங்கிக் கொடுத்தார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு இறங்கி, கோமுகி அணைப் பக்கம் வண்டியை நிறுத்தி வீசினேன். இன்னும் செடி கொடுப்பார் என்று பயந்து ஆபரேஷனுக்கு மாறினேன், அதற்கு மூலிகை கிடையாது என்று.

மூலிகை இல்லாததால் அவர் சாமியிடம் போய்விட்டார்.

அது சாமை அறுத்த நேரம். சரக்கு இறக்கும்போது அவர் வீட்டு அடுப்பில் ரேஷன் அரிசி வெந்துகொண்டிருந்தது. மூலையில் புதுச் சாமை மூட்டை கட்டியபடியே இருந்தது.

“புதுச் சாமை இன்னும் ஆக்கலீங்களா?” என்று சும்மா கேட்டேன்.

“ஒங்க சம்சாரத்துக்காக வேண்டிக்கினு இருக்கறோம்ணே. அவங்க எழுந்து வந்து அவங்க கையால மொத அரிசி ஒலையில போட்டாத்தான், சாமிக்குப் படைச்சிட்டு நாங்க வாயில வெப்போம். மெதுவா வரட்டும். அவசரம் இல்ல.”

அவர் மனைவி சொன்னார்: “மூணு வாரமாச்சிண்ணே. சாமைக்கு இன்னா, எங்கயும் ஓடிடாது.”

அன்றைக்கு மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் அந்தச் சாமியே எதிரே வருவதுபோல ஓரம் ஒதுங்கினேன். வீட்டுக்கு வந்தால், அடுப்பில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்த மனைவி இரண்டு தடவை இருமினாள். எனக்கு அது போதும். பொய்யாய்ச் சொன்னது நிஜமாகப் பலித்துவிட்டது என்று, வாசற்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் சட்டியை இறக்கி வைத்தாள்.

“எனுக்கு எத்தினி நோவு?”

“நாலு.”

“ஆபரேஷன் எந்தப் பக்கம்?”

“வலது பக்கம்.”

“ஒனுக்கு ஒரு தலவலி கூட வரலியா? அதையும் எம்மேலயே ஏத்திட்டியா?”

கொடியிலிருந்து பையை எடுத்தாள். நான் காலில் விழலாமா, முட்டி வலிக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அவள் வாசலில் நின்றாள்.

“அவங்க இன்னும் அந்தச் சாமைய தின்னலயா?”

“இல்ல.”

“காலையில மொதல்ல மலைக்கு வுடு. அப்புறம் தியாகதுருகம்.”

மறுநாள் பை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது. வழி முழுக்க அதுதான் பேசாமல் பேசியது.

மலையில் அவளைத் தாங்கிப் பிடித்து இறக்க இரண்டு பெண்கள் ஓடிவந்தார்கள். அவள் குதித்து இறங்கினாள். கோயில் முன்னால் மூன்று கல் கூட்டி உலை வைத்திருந்தார்கள். தண்ணீர் கொதித்தது. விவசாயியின் மனைவி முறத்தில் புதுச் சாமை அரிசியை நீட்டினார்.

“ஒரு கை அள்ளிப் போடுங்கக்கா. இப்ப நோவு எப்பிடி இருக்குது?”

என் மனைவி கையை நீட்டவில்லை.

“நோவு எனுக்கு இல்லீங்க. இவருக்குத்தான். போன்ல சீட்டு. பாறைமேல நின்னுக்கினு அதத்தான் ஆடினாரு. நான் நல்லா கீறேன்.”

உலை தளதளவென்று கொதித்தது. நான் சக்கரத்துக்குக் கல் வைத்தேனா என்று யோசித்தேன். அந்த நேரத்திலும் அதைத்தான் யோசித்தேன்.

விவசாயி என்னைப் பார்க்காமல் அடுப்பில் விறகைத் தள்ளினார்.

“அன்னிக்கு மொதமொதல்ல நான் வெயில்ல நின்னனே, எங்கம்மாவ கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில சேத்திருந்துது. எப்பிடி இருக்குதுன்னு கேக்க வந்தேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “பொழச்சி வந்துடுச்சி. அதான், ஒங்களுக்கும் வேண்டிக்கலாம்னு தோணுச்சி.”

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் மனைவிதான் முறத்தை என் பக்கம் திருப்பினார். “வேண்டுதல் நோவுக்காரவங்களுக்குத்தான். யாருக்கு நோவோ அவங்க போடட்டும். ஒல வத்துது.”

போட்டேன். அவசரத்தில் பாதி அடுப்பில் விழுந்தது.

“மெதுவாண்ணே,” என்றார் விவசாயி. “மூணு வாரமா பட்டினி கெடந்து பாக்கறோம்.”

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. படைத்து முடித்தபின் குழந்தைகள் அந்தச் சோற்றை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது விவசாயி சொன்னார், வருசா வருசம் முதல் அரிசி நானே போடவேண்டுமாம். அதுவரை நோவு திரும்பாமல் இருக்கவேண்டும். திரும்பினால் சொல்லி அனுப்பினால் போதும், அவர்கள் காத்திருப்பார்களாம்.

காத்திருப்பார்கள். அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் ஒரு ஆட்டம் ஆடினால் மலையில் ஒரு வீடு தன் சொந்தச் சாமையைச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும். கவலைப்பட எனக்கு இதைவிட நல்ல விசயம் அதற்குமுன் கிடைத்ததில்லை. அன்று மனைவி தியாகதுருகம் போகாமல் வீட்டுக்கே வந்தாள், ஏனென்று நான் கேட்கவில்லை. டச் போனை அவளிடம் கொடுத்தேன், அவள் அதை மாட்டுத் தொட்டியில் போட்டு, மறுநாள் வரை எடுக்கவில்லை.

அதற்கப்புறம் அந்த ஊருக்கே டவர் வந்தது. ஊரே சந்தோசப்பட்டது. முகம் தொங்கி நின்றவன் நான் ஒருவன்தான். பணம் கட்டி ஆடுகிற ஆட்டத்தைச் சட்டம் போட்டு நிறுத்திவிட்டதாகவும் சொல்கிறார்கள். அதை நம்பி நான் நிம்மதி அடையவில்லை, வேறு பெயரில் வரும் என்று கவலைப்படுகிறேன். இப்போதும் பஸ்ஸில் யாராவது பக்கத்து இருக்கையில் ஆடினால், அவர் எந்தச் சீட்டைக் கீழே போடவேண்டும் என்று என் கட்டைவிரல் தானாக அசைகிறது. அதனாலேயே பலமுறை பாதி வழியில் இறங்கியிருக்கிறேன்.

ஐந்து அறுவடைக்கு முதல் அரிசி போட்டாகிவிட்டது. சரக்கு இறக்கும்போதெல்லாம் விவசாயி நாலு பேர் முன்னால் கேட்பார், “நோவு எப்பிடிண்ணே?” நான் “படுத்துக்கினு கீது, இன்னும் போவல” என்பேன். பாறைமேல் இப்போது ஆடுகள்தான் ஏறுகின்றன.

அந்தப் பையை அவள் இன்னும் பிரிக்கவில்லை. ஒவ்வொரு வருசமும் முதல் அரிசி போடப் போகும்போது அதையும் வண்டியில் ஏற்றுகிறாள். உலையில் அரிசி போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு இறங்குகிறோம். கள்ளக்குறிச்சிக்கு வந்து எங்கள் தெரு திரும்பும் இடத்தில் வண்டி தானாக மெதுவாகும். நேரே போனால் தியாகதுருகம். நான் வாயைத் திறப்பதில்லை. இந்த வருசம் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அவசரப்படாமல் வெளியே பார்த்தாள். பையைத் தூக்கி மடியில் வைத்தாள். எனக்கு இடது கை மரத்தது.

“திருப்பு,” என்றாள். “மாடு கறக்கணும்.”