திருடர்கள் தீவில் அத்தான்

என் அக்காவின் கணவர் ஒரு நாலு மாடிக் கடையில் கேமரா அறையில் வேலை பார்க்கிறார். சன்னல் இல்லாத அறை, சுவர் நிறையத் திரைகள், நடுவில் ஒரு சுழல் நாற்காலி, அதில் அத்தான். யார் எதைத் தொடுகிறார்கள், தொட்டதைத் திரும்ப வைக்கிறார்களா என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பதுதான் உத்தியோகம். அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு சாக்ஸ் வெளியே போனதில்லை என்று கடைக்காரர்களே சொல்வார்கள். அவருக்கு அங்கே கேமரா சார் என்றுதான் பெயர்.

அது கடையோடு நின்றிருந்தால் எனக்கென்ன வந்தது? துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், அழுதுகொண்டிருந்தவரின் காதருகே குனிந்து, "மனசத் தேத்திக்கோங்க. அந்த நீலச் சட்டைக்காரர் உங்க பேனாவ எடுத்துட்டாரு" என்று சொன்ன மனிதர் இவர். நீலச் சட்டைக்காரர் எங்கள் சித்தப்பா. அன்றிலிருந்து சித்தப்பா எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட கதையும் இதே லட்சணம்தான். கையில் குடையோடு கடைக்குப் போனவளை மாடி மாடியாகத் தொடர்ந்து வந்து, வாசலில் மடக்கி, குடைக்கு ரசீது கேட்டிருக்கிறார். குடை அவளுடையது. மன்னிப்புக் கேட்க வீட்டுக்கு வந்தார், மறுபடியும் வந்தார், பிறகு வருவதை நிறுத்தவே இல்லை. நல்ல மனிதர்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவரோடு எங்கேயாவது கிளம்பினால் நமக்குத்தான் தலைவலி.

அக்கா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிறாள். அங்கே நோயாளிகளுக்காகப் போட்டிருந்த பழைய பத்திரிகை ஒன்றில் ஒரு கடற்பறவையைப் பார்த்துவிட்டு வந்து, அதே பேச்சாக இருந்தாள். பால் வெள்ளை உடம்பு, மஞ்சள் பூசின தலை, கண்ணைச் சுற்றி நீல வளையம். பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையாததால் மஞ்சள்தலை என்றே வைத்துக்கொண்டோம். இரை தேடிக் கடலுக்குப் போன பறவை கூட்டுக்குத் திரும்பியதும், ஜோடி இரண்டும் நிமிர்ந்து நின்று அலகோடு அலகு உரசிக்கொள்ளுமாம். இதைச் சொல்லிவிட்டு அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் சன்னல் வழியாக எதிர்வீட்டுக்காரர் யாருடைய துடைப்பத்தை எடுத்துப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் இருவரும் சேர்த்த விடுமுறையில் அந்தப் பறவை இருக்கும் வெளிநாட்டுக்குக் கிளம்பினோம். மொழி தெரிந்தவள் என்று என்னையும் இழுத்துப் போனார்கள். போகும்போதே விமான நிலையத்தில், கேமராவுக்கு எட்டாத மூலை ஒன்று இருப்பதைப் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லச் சொல்லி அத்தான் என்னை நச்சரித்தார். நானும் புத்தி கெட்டுச் சொன்னேன். அந்த மூலை எங்களுக்கு எதற்கு என்று கேட்டு, மூன்று பேரையும் தனியாகக் கூட்டிப்போய்ச் செருப்பு வரைக்கும் கழற்றிப் பார்த்தார்கள்.

தீவுக்குப் படகில்தான் போக வேண்டும். அலை அடங்காததால் நாள்கணக்கில் விடுதியிலேயே அடைந்து கிடந்தோம். வேலையில்லாத அத்தானுக்குக் கை அரித்தது. காலைச் சாப்பாட்டு அறையில் ஒரு வயதான அம்மா இரண்டு ரொட்டித் துண்டைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்ததைக் கையும் களவுமாகப் பிடித்து, மேலாளரை வரவழைத்துவிட்டார். சைகையிலேயே விளக்கினார். அவர் நடித்துக் காட்டியதில் அந்த அம்மா அழ, அறை முழுக்க எங்களை முறைக்க, குடும்ப மானம் கப்பலேறியது.

அக்கா அன்று அழவில்லை, கத்தவுமில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் படகு போகும் என்று தகவல் வந்ததும் அத்தானை எதிரில் உட்கார வைத்தாள்.

"இத்தன வருஷத்துல உங்ககூட உக்காந்து நிம்மதியா நான் எதையும் பாத்ததில்ல. நாளைக்கு ஒரு மணி நேரம் எனக்குக் குடுங்க. எம் பக்கத்துல உக்காருங்க, பறவையப் பாருங்க. திருட்டு, திருடன்னு ஒரு வார்த்த வந்துச்சு, இனி தெருமுனைக்குக்கூட உங்ககூட வரமாட்டேன்."

அக்கா சொன்னால் சொன்னதுதான். அத்தானுக்கும் அது தெரியும். சத்தியம் செய்து கொடுத்தார்.

தீவில் இறங்கியதும் முதலில் வரவேற்றது நாற்றம். பாறை முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி எச்சம். செங்குத்துப் பாறையின் விளிம்பில் ஒரு மரக்குடில். அதன் சுவரில் நீளமாக வெட்டிய திறப்பு வழியாகத்தான் பார்க்க வேண்டும். பேசக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது என்று வழிகாட்டிப் பெண் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். அக்காவுக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் பட்டது? கைக்கெட்டும் தூரத்தில் ஆயிரக்கணக்கில் மஞ்சள்தலைகள். ஒன்று கடலிலிருந்து வந்திறங்கியது, ஜோடி எழுந்தது, அலகோடு அலகு உரசிக்கொண்டன. அக்காவின் கண் கலங்கிவிட்டது.

எனக்கோ வேறு விஷயம் கண்ணில் பட்டது. அந்தப் பாறையில் அத்தனையும் திருட்டுக் கூட்டம். ஒரு பறவை அந்தப் பக்கம் திரும்பினால் போதும், பக்கத்துக் கூட்டுக்காரன் கழுத்தை நீட்டி, கூடு கட்டியிருக்கும் கடற்பாசியை உருவிக்கொள்கிறான். உருவினவன் திரும்பியதும் அவனிடமிருந்து இன்னொருத்தன் உருவுகிறான். எங்கள் அத்தானைக் கொண்டுவந்து உட்கார வைக்க உலகத்தில் இதைவிட மோசமான இடம் கிடையாது. பயந்துகொண்டே அவரைப் பார்த்தேன்.

மனிதர் சிலைபோல் இருந்தார். பைனாகுலரைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்திருந்தார். தாடை மட்டும் இறுகியிருந்தது. அக்கா ஒவ்வொன்றாகக் கிசுகிசுக்க, அதற்கெல்லாம் "ஆமா, ரொம்ப அழகு" என்று தலையாட்டினார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆளே மாறிவிட்டார் என்று எனக்கே மனம் இளகிப்போனது.

அக்கா தனக்கென்று ஒரு ஜோடியைப் பிடித்து வைத்திருந்தாள். கூட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு அவள் துணை எங்கிருந்தோ ஒரு பச்சை வலைக்கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்தது. அவள் அதைக் கூட்டில் இப்படி வைத்துப் பார்த்தாள், அப்படி வைத்துப் பார்த்தாள். பின்வீட்டுக்காரன் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தான். அக்கா உச்சுக் கொட்டினாள். அவன் மறுபடியும் இழுத்தான். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். அடுத்த இழுப்பில் கயிறு முழுசாகப் போய்விட்டது.

"டேய், வைடா அதக் கீழ. அவளுக்குன்னு அவன் கொண்டாந்தது அது."

எழுந்த வேகத்தில் அக்காவின் தலை கூரைச் சட்டத்தில் இடித்தது. அருகிலிருந்த பறவைகள் படபடவென்று கிளம்பின. வழிகாட்டிப் பெண் ஓடிவந்து, மிக மரியாதையாக, எங்கள் மூவரையும் வெளியே அனுப்பிவிட்டாள்.

வெளியே ஒரு மரப்பெஞ்சில் தலையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தும் அக்காவுக்கு ஆறவில்லை. கத்தியது தப்புதான், ஆனால் காரணம் இருந்தது என்பதை நான் அந்தப் பெண்ணிடம் விளக்க வேண்டுமாம். சாட்சிக்கு அத்தான் இருக்கிறாராம். "நீங்க பாத்தீங்கல்ல, சொல்லுங்க" என்றாள். அத்தான் பைனாகுலரின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். "அவன் இப்பவும் அங்கதான் இருப்பான், நானே காட்டறேன்" என்று அவர் கழுத்திலிருந்த பைனாகுலரைப் பறித்துக் கண்ணில் வைத்தாள்.

"என்னங்க இது, ஒரே இருட்டா இருக்கு?"

திருப்பிப் பார்த்தோம். முன்பக்கம் இரண்டு மூடியும் போட்டபடி இருந்தன.

"கழட்டல" என்றார் அத்தான், தரையைப் பார்த்துக்கொண்டு. "உள்ள போய் உக்காந்ததும் வெறுங்கண்ணுலயே ரெண்டு பேரு உருவறதப் பாத்துட்டேன். இன்னும் பாத்தா வாய் சும்மா இருக்காது. உனக்கு சத்தியம் பண்ணியிருக்கேனே."

இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு செலவழித்து, மனிதர் இருட்டையே பார்த்துவிட்டு "ரொம்ப அழகு" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு மூடிகளைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, பைனாகுலரை அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"பாருங்க" என்றாள்.

"என்னத்த?"

"எல்லாத்தையும்தான். எங்கிட்ட சொல்லுங்க."

அத்தான் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தயங்கித் தயங்கிக் கண்ணில் வைத்தார். பெஞ்சிலிருந்து பாறையின் ஒரு மூலைதான் தெரிந்தது. அவருக்கு அது போதும். கொஞ்ச நேரத்தில் முதுகு நிமிர்ந்தது. குரல் கேமரா அறைக் குரலாக மாறியது.

"மேல் வரிசை, ஓரத்துல. ஒருத்தன் பச்சைக் கயிறு வச்சிருக்கான். பக்கத்து வீட்டுலயும் கை வச்சுட்டான். இப்ப ஒண்ணும் தெரியாத மாதிரி கடலைப் பாக்கறான்."

அக்கா அவர் தோளில் கன்னத்தை வைத்து, அவர் பார்க்கும் திசையையே பார்த்தாள்.

"விடாதீங்க" என்றாள்.