ரொனால்டு வீட்டு ஐஸ் இறால்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை கறி தொடக்கூடாது, மீனும் இறாலும் தொடலாம். விஸ்கியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. இது திண்டுக்கல் பூட்டு வியாபாரி ரொனால்டு சொந்தமாக ஆராய்ந்து கண்ட முடிவு. அதனால்தான் நிலக்கோட்டை ரோட்டுப் புது வீட்டில் அவர் வைத்த காக்டெய்ல் பார்ட்டிக்கு இறால் வந்தது. இறாலோடு லிடியாவும் வந்தாள்.

பதினோரு வருடம் பிரியாணி மாஸ்டர்களுக்குக் கீழே நின்று வதக்கியவள். கை அவளுடையது, பேர் மாஸ்டருடையது. தன் பேரில் பிடித்த முதல் ஆர்டர் இதுதான். தட்டு காலியாகத் திரும்பினால், ஈஸ்டருக்குப் பிறகு மகள் நிச்சயதார்த்தச் சமையலும் உனக்குத்தான் என்று ரொனால்டின் மனைவி கிளாரா சொல்லியிருந்தாள்.

ரொனால்டு போனில் ஒரு படத்தைக் காட்டினார். கண்ணாடிக் கோப்பை நிறைய ஐஸ், விளிம்பில் அவித்த இறால், நடுவில் சிவப்புச் சாஸ்.

“துளி மாறக்கூடாது.”

“சில்லுனு இருக்கிறத யாருண்ணே திம்பா?”

“ஃபாரின்ல திங்கிறாங்கள்ல?”

அப்படியே செய்தாள். போன தட்டு அப்படியே திரும்பியது.

“ஏலே, கிளாஸ்ல பல்லி தொங்குது பாரு!” என்றது ஒரு குரல். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் பாக்கியராஜ் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “ஏம்மா, இம்புட்டு ஐஸ் போட்ருக்கியே, எந்த வாரத்து எறா இது?”

கடல் இல்லாத ஊரில் ஐஸைக் கண்டாலே மீனுக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். அவர்கள் விஸ்கியில் மிதந்த ஐஸிடம் யாரும் வயது கேட்கவில்லை.

லிடியா தட்டுகளைச் சமையலறைக்குத் தூக்கிப் போனாள்.

“ஏய், படத்துல அப்படி இல்லையே!” பின்னாலேயே ஓடி வந்தார் ரொனால்டு.

“படம் சாப்பிட வரலண்ணே. நகருங்க.”

சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, தட்டிய மிளகு. மசாலா சுருண்டு எண்ணெய் கக்கிய பிறகே இறாலைப் போட்டாள். ஏற்கெனவே வெந்தது, ஒரு நிமிடம் தாண்டினால் ரப்பர். அந்த வாசனை ஹாலுக்குப் போனது. சமையலறை வாசலில் முதலில் வந்து நின்றவர் ஹெட்மாஸ்டர்தான், கையில் காலித் தட்டோடு. “சுடச்சுட இருந்தா தப்பில்லம்மா.”

கால் மணி நேரத்தில் சட்டியை வழித்துவிட்டார்கள்.

கிளாரா உள்ளே வந்தாள். “ஏ லிடியா, மே மாசம் ஆறாந்தேதி உனக்கு வேலை இருக்கா?”

அந்த மாதம் முழுக்க லிடியாவுக்கு ஒரு வேலையும் இல்லை. நிதானமாகக் கையைத் துடைத்தாள். போனை எடுத்து, மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

“செத்த இருங்கக்கா, பாத்துச் சொல்றேன்.”